ஸ்பானோவுக்கு அடுத்த பெயர்

அவருடைய பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்காக நான் மறுமொழி சொன்னது போல ஆகிவிடும். அது அவருக்குப் பிடிக்காத காரியம். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற இடாப்பில் ஸ்பானோ என்ற பெயருக்கு அடுத்தது அவருடைய பெயர். அது போதும்.

இத்தாலியில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாச் சந்து ஒன்றில், சந்தைக்கு மேலே, நாலாம் மாடியில் இருந்தார். ஐந்து வருடம் நான் அவரைப் பார்த்துக்கொண்டேன். சமைப்பது, குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, பின்னேரம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது. இலங்கையிலிருந்து வந்த எங்கள் பெண்களில் அநேகம் பேருக்கு இங்கே அதுதான் வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவருக்கு எண்பத்தெட்டு வயது. மகள் இரண்டு தெரு தள்ளி இருந்தா. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவ. நான் அவவை மரியாதையாகச் சின்யோரா என்பேன். காலையும் மாலையும் வந்து போவா.

முதல் கிழமையே ஒன்று நடந்தது. தொலைபேசி அடித்தது. அவர்தான் எடுத்தார்.

"சின்யோரா இருக்கிறாவோ?" என்று யாரோ கேட்டார்கள். பலத்த குரல், எனக்கும் கேட்டது.

"நான் இருக்கிறன்."

"மகள் இருக்கிறாவோ எண்டு கேட்டனான்."

"மகளைப் பற்றி மகளிட்டைக் கேளுங்கோ" என்று வைத்துவிட்டார்.

சின்யோரா பக்கத்து அறையில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தா. நான் திகைத்துப்போய் நின்றதைக் கண்டு சிரித்தா. "வயசிலை வந்ததில்லை இது. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலையிருந்து அப்பா அப்பிடித்தான். சாப்பிட்டியளோ எண்டு ஆரும் கேட்டால், நான் சாப்பிட்டன் எண்டுவார். பக்கத்திலை இருந்து சாப்பிட்ட அம்மாவைப் பற்றி ஒரு சொல் வராது. அம்மாவும் நாற்பது வருசம் திருத்திப் பார்த்திட்டு விட்டிட்டா."

என் மருமகன் சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பிடுங்குகிறவர். அங்கே மாந்தரீன் தோடம்பழம் பிந்தித்தான் பழுக்கும். மாசி, பங்குனியில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து தருவார். ஒருநாள் அவர் வந்து மணியடிக்க, இவர் பொல்லை ஊன்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ரை மாமி உள்ளையோ?"

"நான் உள்ளை."

"அது தெரியுது. மாமி?"

"அவவுக்கு வாய் இருக்கு. கூப்பிடுங்கோ."

மருமகன் நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி, "மாமீ!" என்று கத்தினார். நான் ஓடி வந்தேன். "உங்கடை கிழவனுக்குக் கழண்டு போச்சு, மாமி. பழத்தை வாங்குவாரோ, இல்லை அதையும் பழத்திட்டையே கேக்கச் சொல்லுவாரோ?"

பழத்தை அவர் வாங்கினார். அங்கேயே ஒன்றை உரித்து, மணந்து, ஒரு சுளையை வாயில் போட்டார். "நல்ல பழம். இதுக்கு நான் சாட்சி சொல்லுவன்" என்றார். மாந்தரீனுக்குச் சாட்சி சொல்லுகிற மனிதர், மனிதருக்குச் சொல்லமாட்டார்.

இன்னொரு குணமும் இருந்தது. குரல் எடுப்பார். யாருடைய குரலை ஒருமுறை கேட்டாலும் அப்படியே எடுப்பார். பூசைக்கு அழைக்கிற பாதிரியார், மருந்துக்கடைப் பெண், தன்னுடைய மகள் எல்லாரும் அவருடைய தொண்டைக்குள் இருந்தார்கள். ஒருநாள் காலை பால்கனியில் நின்று, கீழே தக்காளி விற்கிறவனின் குரலில் தக்காளிக்குப் பாதி விலை கூவினார். சனம் போய் அவனைச் சூழ்ந்துவிட்டது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான், பிறகு மேலே பார்த்தான்.

"கிழவா! இறங்கி வா! உன்னையும் தட்டிலை வைச்சு விக்கிறன்!"

"என்னை எவன் வாங்குவான்? அழுகின பழம்!" என்று அவனுடைய குரலிலேயே இவர் மறுமொழி சொன்னார். சந்தை முழுக்கச் சிரித்தது. நான் வெட்கத்தில் யன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். என்னையும் அவர் எடுத்துக் காட்டுவார். "சின்யோர், மருந்து. சின்யோர், செருப்பு." என்னுடைய இத்தாலியன் அவ்வளவு மெல்லியது என்று அவர் சொல்லிக் காட்டினபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் வந்தது ஒரேயொருநாள். என் பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கிறதுக்கான அனுமதிப் பத்திரம், முடியப்போகிறது, புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போகவேண்டும். வழக்கமாக என் மகள் வந்து எனக்காகக் கதைப்பாள். அன்றைக்கு அவளுக்கு வேலை. சின்யோராவும் ஊரில் இல்லை. இவர் தானே வாறன் என்று வெளிக்கிட்டார். கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, அங்கே மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் மூன்று மணித்தியாலம் இருந்தார்.

யன்னலுக்குள் இருந்த உத்தியோகத்தர் என்னைப் பார்க்காமல் அவரைத்தான் கேட்டார். "இவ உங்கடை வீட்டிலையோ வேலை? போன வருசம் முழுக்க இஞ்சையோ நிண்டவ?"

ஓம் என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் முடிந்தது.

"நான் இவவோடை வந்திருக்கிறன். மிச்சத்தை அவவைக் கேளுங்கோ."

"அவவுக்குப் பாஷை விளங்காது, பெரியவர்."

"ஒவ்வொரு நாளும் எனக்கு ஏசுறா. இத்தாலியனிலைதான் ஏசுறா."

பின்னால் நின்ற சனம் சிரித்தது. ஊரிலும் சரி, இங்கேயும் சரி, கந்தோர் மேசைக்கு முன்னால் நான் வாய் திறந்ததில்லை. திறந்த ஒரேயொரு முறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு எப்படியோ சொன்னேன். இஞ்சைதான் இருந்தனான், ஒருநாளும் போகேல்லை, இவருக்குத்தான் சமைக்கிறனான் என்று சொன்னேன். யன்னலுக்குள் இருந்தவர் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார்.

வியா மக்வேதாத் தெரு நீளத்துக்கும் நான் அவரோடு கதைக்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு சப்பாத்துக் கடைக்கு முன்னால் அவர் நின்றார்.

"வடிவாச் சொன்னியள்" என்றார்.

"நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன? வாய் தேஞ்சு போகுமோ?"

"ஓம், தேஞ்சுதான் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய வீட்டு நடையில், கோட்டுக் கொழுவுகிற இடத்துக்கு மேலே, ஒரு போட்டோ தொங்கியது. உயர்தர வகுப்பு. இருபத்திரண்டு பெடியன்கள், எல்லாரும் கழுத்துப்பட்டியோடு, நடுவில் தாடி வைத்த வாத்தியார். அந்த வாத்தியார் காலையில் இடாப்புக் கூப்பிடுகிறதை அவர் எனக்கு நடித்துக் காட்டுவார். வந்திருக்கிறேன் என்பதற்கு அங்கே "பிரெசென்தே" என்று சொல்லவேண்டும். ஒரு பெயரைக் கூப்பிட்டு, அந்தப் பெடியனின் குரலில் பிரெசென்தே சொல்லுவார். ஒருவன் கொட்டாவியோடு சொல்லுவான், ஒருவன் மூக்கால் சொல்லுவான், ஒருவன் அடிவிழப்போகிறது போலச் சொல்லுவான்.

"இவன் பிறகு வக்கீல். இவன் பல் டொக்டர், என்ரை நல்ல பல் ரெண்டைப் பிடுங்கினவன். இவன் அமெரிக்காவுக்குப் போய்க் கொழுத்துப்போனவன்."

விரல் ஒரு பெடியனைத் தாண்டிப் போனது. அந்தப் பெடியன் இவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றான்.

"இது ஆர்?"

"ஸ்பானோ."

"இவர் எப்பிடிச் சொல்லுவார்?"

கண்ணாடியில் இருந்து விரலை எடுத்தார். "பருப்பு அடிப்பிடிக்குது, போய்ப் பாருங்கோ" என்றார். அடுப்பில் நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

படிப்பை அவர் முடிக்கவில்லை. போட்டோவில் இருந்தவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திரும்பிப் போய்ச் சோதனை எடுத்துப் பெரிய ஆட்கள் ஆனார்கள். இவர் தபால் கந்தோரில் தெருவாரியாகக் கடிதம் பிரித்தார். ஏன் திரும்பிப் போகவில்லை என்று மகளுக்கும் தெரியாது. அப்பாவின் சிநேகிதன் ஒருவன் போரில் செத்தான் என்பது மட்டும்தான் சின்யோராவுக்குத் தெரியும்.

எனக்கு அவர் சொன்னது என்னுடைய கதை ஒன்றினால்தான்.

வன்னியில் எங்களுக்கு ஒரு காணி. என் மனுசன் செத்தபிறகு அது மகளுக்கும் மகனுக்கும் உரியது. என் தம்பி குடும்பத்தோடு அதில் தகரக் கொட்டில் போட்டு இருந்தான். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவனுக்குக் கல்வீடு கிடைக்க இருந்தது. அதற்குப் பிள்ளைகள் இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும். மகள் பலேர்மோவில் இருக்கிறாள், போட்டுக் கொடுத்துவிட்டாள். மகன் இல்லை. கிராம அலுவலரான விதானையாரைக் கண்டுவிட்டுத் தம்பி காலையில் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, விதானையார் சொல்லுறார், மரணச் சான்றிதழ் இருந்தால் போதுமாம். தாய் எழுதிக் குடுத்தால் எடுக்கலாமாம். பேப்பர் அனுப்பியிருக்கிறன். ஒரு கையெழுத்து."

"செத்ததை ஆரடா கண்டது?"

"காணாமற்போனவையின்ரை பட்டியலிலையும் அவன்ரை பேர் இல்லையே அக்கா. நீங்கள்தானே குடுக்கேல்லை. மழை வந்தால் பிள்ளையள் நனையுதுகள். நானும் எத்தினை வருசம் இருக்கிறது?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. பேப்பர் வந்தது. நான் அதைக் குசினி மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் பொல்லோடு வந்து எதிர்க் கதிரையில் இருந்தார்.

"என்ன பேப்பர்?"

"மகன் செத்திட்டான் எண்டு நான் எழுத வேணுமாம்."

அவர் பேப்பரைத் தொடவில்லை. பிறகு தானாகச் சொல்லத் தொடங்கினார்.

"ஸ்பானோவுக்குக் கிரேக்க பாடம் பிடிக்காது. அந்த நேரத்துக்கு மதிலேறிக் கடலுக்குப் போயிடுவான். வாத்தியாருக்குக் கண் சரியில்லை. நான் அவன்ரை குரலிலை ஒருக்கா, என்ரை குரலிலை ஒருக்கா, ரெண்டு தரம் பிரெசென்தே சொல்லுவன். ரெண்டு வருசம் சொன்னன். ஒருநாளும் பிடிபடேல்லை. முழு வகுப்பும் குனிஞ்சு சிரிக்கும்."

கடைசி வருடம் சோதனைக்கு முந்தியே இரண்டு பேரையும் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்து மலையடியில், விமானத்தைச் சுடுகிற பீரங்கிகளுக்கு விட்டார்கள். அங்கேயும் ஒரு சார்ஜன், ஒரு இடாப்பு, அதே ஒழுங்கு. முதல் ஸ்பானோ, பிறகு இவர். ஸ்பானோவின் தாய் நகரத்தில். நினைத்த நேரம் அவன் ஒளித்துத் தாயைப் பார்க்கப் போவான். இவர் பள்ளிக்கூடத்தில் செய்ததையே அங்கேயும் செய்தார்.

"ஒருநாள் மத்தியானம் குண்டு போட்டாங்கள். பிளேன் போன உடனை சார்ஜன் எல்லாரையும் நிரையிலை விட்டு இடாப்புக் கூப்பிட்டான். ஸ்பானோ இல்லை. காலமை தாயிட்டைப் போறன் எண்டு சொன்னவன். ஓடிப்போனவன் எண்டு எழுதினால் சுட்டுப்போடுவாங்கள். நான் சொன்னன். நல்லாச் சொன்னன், அவன்ரை குரலிலை. சார்ஜன் இடாப்பை மூடினான். எல்லாரும் இருக்கினம் எண்டு சொல்லிச் சூப் குடுத்தாங்கள்."

"பிறகு?"

"மலையைக் குடைஞ்சு ஒரு களஞ்சியம் வைச்சிருந்தம். வாசல் இடிஞ்சு மூடிக் கிடந்தது. எல்லாரும் இருக்கிறபடியால் ஒருத்தரும் கிண்டேல்லை. அடுத்தநாள் நான் தாயிட்டைப் போனன். கதவைத் திறந்து, எங்கை என்ரை பிள்ளை எண்டு கேட்டா. அவன் அங்கை போகவேயில்லை. உருளைக்கிழங்கு எடுக்கக் களஞ்சியத்துக்குள்ளை போனவன்."

தன்னுடைய இரண்டு கையையும் மேசையில் விரித்துவைத்தார். விரல் நுனிகளைப் பார்த்தார்.

"கிண்டி எடுக்கேக்கை அவனுக்கு நகம் இல்லை. அவ்வளவு நேரமும் உள்ளுக்கை இருந்து கிண்டியிருக்கிறான். நான் வெளியிலை சூப் குடிச்சன்."

எனக்குப் பங்கர் தெரியும், ஊர்ச் சண்டையில் அந்தப் பதுங்குகுழிக்குள் இருந்தவள் நான். வாசல் மூடினால் உள்ளே என்ன சத்தம் கேட்கும், வெளியே எது கேட்காது என்றும் தெரியும். அதனால் நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. என்னுடையதைச் சொன்னேன். அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, என் மகளுக்குக்கூட.

மகன் பத்தாம் வகுப்பு. சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. ரியூசனுக்குச் சைக்கிளில் போனவனை வழியில் வைத்து இயக்கத்துக்காரர் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று எடுத்த காலம். ஒருமுறை வந்தான். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தது. பங்கர் வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். பிறகு சண்டை முடிந்து நாங்கள் முள்ளுக்கம்பி முகாமுக்குள் போகும்போது ஆமிக்காரர் மேசை போட்டு எங்களைப் பதிந்தார்கள். நான் தனியே நின்றேன்.

"பிள்ளைகள்?"

"ஒரு மகள். வெளிநாட்டிலை."

"வேறை? ஆரும் விடுபட்டதோ?"

பிள்ளை இயக்கத்தில் நின்றவன் என்று தெரிந்தால் அவனைத் தேடிப் பிடித்து என்ன செய்வார்களோ, என்னை என்ன செய்வார்களோ என்ற பயம். "இல்லை, ஒருத்தரும் விடுபடேல்லை" என்றேன். அவர்கள் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

என்னுடைய இத்தாலியனில் இதை நான் எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களில் பிழையில்லை என்று சொல்லவில்லை. மகன் வருவான் என்றோ வரமாட்டான் என்றோ சொல்லவில்லை. மற்ற எவராக இருந்தாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார்கள்.

"நான் இஞ்சை இருக்கிறன்" என்றார். அது மட்டும்தான். சின்யோரா வந்து மணியடிக்கும்வரை அந்தக் கதிரையில் எனக்கு எதிரே இருந்தார்.

பேப்பரை நான் அலுமாரியில், உடுப்புக்குக் கீழே வைத்தேன். தம்பி கேட்கிற போதெல்லாம் பார்க்கிறன், பார்க்கிறன் என்றேன்.

அடுத்த வருடம் அவர் படுக்கையில் விழுந்தார். மூன்று கிழமை சூப்பும் தண்ணீரும்தான். ஒரு பின்னேரம், நல்ல வெயில், கீழே சந்தைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சின்யோரா கட்டிலின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். திடீரென்று அவர் கண்ணைத் திறந்து பலத்த குரலில் ஒரு பெயரைக் கூப்பிட்டார். அது அவருடைய குரல் இல்லை, வாத்தியாரின் குரலும் இல்லை. கட்டளையிடுகிற குரல். சார்ஜன் என்று எனக்கு விளங்கியது. கூப்பிட்டுவிட்டு வேறொரு குரலில் பிரெசென்தே என்றார். அடுத்த பெயர், அடுத்த குரல். மூச்சு வாங்கி வாங்கி, ஒருவரையும் விடாமல் கூப்பிட்டார். சின்யோரா வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதா.

"ஸ்பானோ" என்றார்.

நிறுத்தினார். மறுமொழி இல்லை.

"ஸ்பானோ."

கண் கதவடியைப் பார்த்தது.

"பாவம், காத்துக்கொண்டிருக்கிறார்" என்று சின்யோரா என் காதுக்குள் சொன்னா. "ஆரும் ஒருத்தர் சொன்னால்தான் நிம்மதி வரும். நான் சொல்லுறன்." குனிந்து, "பிரெ..." என்று தொடங்கினா.

நான் கட்டிலுக்கு மேலால் எட்டி அவவின் வாயைப் பொத்தினேன். ஐந்து வருடத்தில் சின்யோராவில் என் கை பட்டது அதுதான் முதல் தடவை. அவ என்னை முறைத்துப் பார்த்தா. நான் கையை எடுக்கவில்லை.

மூன்றாம் முறையும் கூப்பிட்டார். கீழே தக்காளிக்காரன் கூவினான். அறைக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அசென்தே" என்றார், சார்ஜனின் குரலில். ஆள் இல்லை என்று அர்த்தம். பிறகு அவருடைய சொந்தக் குரல் வந்தது. "ஸ்பானோ இல்லை. கிண்டுங்கோ. களஞ்சிய வாசலைக் கிண்டுங்கோ, கெதியா!"

அவருடைய விரல்கள் போர்வையில் கொஞ்சநேரம் பிறாண்டின. நான் என் கையை அதற்குள் வைத்தேன். மெல்ல மெல்ல ஓய்ந்தது. கடைசியாகத் தன்னுடைய பெயரைக் கூப்பிட்டு, தானே, தன்னுடைய குரலில், பிரெசென்தே என்றார்.

அடுத்தநாள் மத்தியானம் போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து சின்யோரா கேட்டா, ஏன் என்ரை வாயைப் பொத்தினியள் என்று. அவர் எனக்குச் சொன்னதை, ஒன்றும் கூட்டாமல் சொன்னேன். அவ கேட்டுவிட்டு, "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்றா. எனக்குத் தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியில் இருந்த பேப்பரை எடுத்தேன். தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் இதிலை கையெழுத்து வைக்கமாட்டன். விதானையாரிட்டைச் சொல்லு, எனக்கு ரெண்டு பிள்ளையள். ஒண்டைக் காணேல்லை. அப்பிடிப் பதியச் சொல்லு."

"எட்டு வருசமாச் சொல்லாமல் இருந்திட்டு இப்ப சொன்னால் ஆயிரம் கேள்வி கேப்பாங்கள் அக்கா."

"கேக்கட்டும். நான் மறுமொழி சொல்லுறன். அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிட்டன்."

"அப்ப வீடு?"

அவனுக்கும் நாலு பிள்ளைகள். "தெரியுமடா. பிந்தப்போகுது. என்னிலை கோவிக்காதை" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு, ஏதோ கொப்பி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி. பேரைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

"உனக்குத் தெரியாத பேரோ?"

"தெரியும். நீங்கள் சொல்லுங்கோ, அக்கா."

தகப்பனின் பெயரை முன்னுக்கு வைத்து, இடாப்பில் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னேன். இராசையா நிரோசன். பத்தாம் வகுப்பு.

சொல்லிவிட்டு, மகனுடைய மறுமொழிக்கு இடம் விட்டு இருந்தேன். ஊரில் மழை பெய்துகொண்டிருந்தது, தகரத்தில் அது விழுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.